வளவுத் தீயும் ஊர் விதியும்

(எமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இக்கூட்டத்திற் பேசவேண்டிய பொருளைச் செயலாளர் எமக்கு அறிவித்தபோது நாம் சற்றுத் தயங்கினோம். சென்ற ஆண்டுகளில் இம்மேடையில் நின்றோர் சைவசித்தாந்தத்தின் நுட்பங்களையும் திருமுறைகளின் பெருமையையும் எடுத்துரைத்தனர். எமக்கோ குப்பை கொளுத்துவதைப் பற்றிப் பேசும்படி பணிக்கப்பட்டிருக்கின்றது. ஆண்டு விழாவிலே குப்பையா என்று எவரேனும் முகஞ் சுளிப்பாராயின் அவரை நாம் நோகமாட்டோம். ஆயினும் இப்பொருள் எவ்வாறு சங்கத்தின் வாசற்படிக்கு வந்தது என்பதைக் கேட்டபின் அவர் முகம் மாறும் என்று நம்புகின்றோம்.

சென்ற ஆண்டு எமது கோயிற் கொடியேற்றத் திருவிழாவில் தீர்த்தம் முடிந்த மறுநாள், சங்கத்து இளைஞர் இருபதின்மர் வெளிவீதியைத் துப்புரவு செய்யும் சிரமதானத்தில் இறங்கினோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணிவரை உழைத்தோம். கடகங் கடகமாய் அள்ளி மடத்தின் பின்புறத்திற் குவித்தபோது குவியல் நெஞ்சளவு உயர்ந்தது. அதிலே என்ன இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். தண்ணீர்ப் போத்தல்கள், ஐஸ்கிறீம் கோப்பைகள், கச்சான் சுற்றிய தாள்கள், சொப்பிங் பைகள், நைலோன் நூலிற் கோத்த மாலைகள், ரெஜிபோமில் வெட்டிய சோடனைகள், வீதி நெடுகக் கட்டியிருந்த பொலித்தீன் கொடிகள் ஆகியவற்றோடு, அடியிலே கொஞ்சம் வாழையிலையும் மாவிலையும் இருந்தன. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே வீதியிற் கூட்டிய குப்பையில் இலைகளே பெரும்பகுதியாயிருந்தன என்று முதியோர் கூறுவர். இன்றோ இலையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

பிரதேச சபையின் உழவு இயந்திரம் வருவதற்கு இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன. எமக்குப் பொறுமை இருக்கவில்லை. வேலையை முடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியோடு வீடு செல்ல விரும்பினோம். அரைப் போத்தல் மண்ணெண்ணெய் வந்தது, நெருப்புக்குச்சி வந்தது. கொளுத்தியவர் இன்னாரென்று நாம் சொல்லப்போவதில்லை. சுற்றி நின்ற அனைவருமே கொளுத்தினோம் என்று கொள்க.

மாலையிற் காற்று அடங்கிவிட்டது. கரிய புகை மேலே எழாமல் நிலத்தோடு படுத்து, மேற்குப் பக்க வேலிக்குமேலாக அடுத்த வளவினுள் இறங்கியது. அவ்வீட்டில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியாரும் ஆறு வயதுப் பேரப்பிள்ளையும் இருந்தனர். அப்பிள்ளைக்குத் தொய்வு வருத்தம் உண்டு. சன்னல்களைச் சாத்தினார்கள், ஓடுகளின் இடுக்கால் வரும் புகையை எதனாற் சாத்துவது? இரவு ஒன்பது மணிக்கு மூச்சு இழுக்கத் தொடங்க, ஓட்டோவில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயினர். மூன்று நாட்கள் அங்கே வைத்திருந்து, இறைவன் கருணையாலும் வைத்தியர்களின் கவனத்தாலும் பிள்ளை சுகமாய் வீடு திரும்பியது.

நாலாம் நாள் மாலை அவ்வாசிரியர் எமது சங்க மண்டபத்திற்கு வந்தார். இங்கு அமர்ந்திருப்போரிற் பலருக்கு எழுத்தறிவித்தவர் அவர். ஏசுவார் என்று எதிர்பார்த்தோம், ஏசவில்லை. நாம் கொடுத்த தேநீரைக் குடித்தார். பின்னர், "தம்பிமார், வீதி நல்ல துப்புரவாய்க் கிடக்குது. ஆனால் நீங்கள் குப்பையை அகற்றேல்லை, எங்கடை வீட்டுக்கை அனுப்பிப்போட்டியள்" என்று மட்டுஞ் சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனார். அன்றிரவு கூடிய செயற்குழு, திறந்த வெளியில் தீ மூட்டுவது பற்றிச் சட்டம் யாது சொல்லுகின்றது, எமது ஊருக்கு என்ன விதி வேண்டும் என்று ஆராய்ந்து இந்த ஆண்டு விழாவிற் கூறும்படி எம்மைப் பணித்தது.

முதலிற் சட்டத்தைக் கூறிவிடுவோம். அது நாம் எண்ணியதைவிடப் பழையது. அசுத்தத்தாலும் நாற்றத்தாலும் அயலாருக்குச் சுகக்கேடு விளைப்பதைத் தடுக்கும் தொல்லைகள் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1862 ஆம் ஆண்டு தொடக்கம் உண்டு. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, நெருப்பைக் கவனக்குறைவாகக் கையாண்டு பிறருக்கு ஆபத்து விளைப்பதையும், பொதுமக்களுக்குத் தொல்லை விளைப்பதையும் குற்றமாக்கியிருக்கின்றது. வனங்களிலே தீ வைப்பதை 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது. குப்பையைச் சேர்த்து அப்புறப்படுத்தும் கடமை, முன்னாளிற் கிராமச் சபைகளிடம் இருந்து, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரதேச சபைகளிடம் வந்துள்ளது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் காற்றை மாசுபடுத்துவதை நேராகவே எடுத்துப் பேசுகின்றது.

இவற்றுள் எமக்கு மிக அண்மையில் நிற்பது 2017 ஆம் ஆண்டின் கட்டளை. அவ்வாண்டு ஏப்பிரல் 14 ஆம் நாள், சித்திரை வருடப் பிறப்பன்று, கொழும்பின் அருகே மீதொட்டமுல்லையிற் குப்பை மலையொன்று சரிந்து வீடுகளை மூடியது. முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். பலகாரம் பரிமாறிய நாளிற் குப்பைக்குக் கீழே மனிதரைத் தோண்டினார்கள். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ்ச் சில கட்டளைகள் வர்த்தமானியில் வெளிவந்தன. லஞ்ச் சீற், மெல்லிய பொலித்தீன், ரெஜிபோம் உணவுப் பெட்டி முதலியன தடை செய்யப்பட்டன. சமய, சமூக, அரசியல் வைபவங்களிற் பொலித்தீனாற் சோடனை செய்வது தடை செய்யப்பட்டது. பிளாஸ்ரிக் உட்பட எரியக்கூடிய கழிவுகளைத் திறந்த வெளியில் எரிப்பதும் தடை செய்யப்பட்டது. அன்பர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். சோடனையில் ஒரு கட்டளையையும், அதைக் கொளுத்தியதில் இன்னொரு கட்டளையையும் ஒரே திருவிழாவில் மீறினோம். மீறியவர்களுள் ஒருவருக்கேனும் அப்படியொரு கட்டளை இருப்பது தெரியாது. வர்த்தமானியை வீட்டில் வைத்துப் படிப்பவர் எம்முள் எவர்?

இனிப் புகையைப் பற்றிச் சிறிது. எரித்தால் அழிந்துவிடும் என்பதே எமது நம்பிக்கை. கண்ணுக்குக் குவியல் மறைகின்றது. ஆகவே அழிந்தது என்று எண்ணுகின்றோம். உண்மையில் வளவு மூலையில் எரியும் தீ தன்னிடம் இட்டதை முழுவதும் எரிப்பதில்லை. அதற்கு வேண்டிய வெப்பமும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. ஐரோப்பிய நாடுகளிற் கழிவை எரிப்பதற்கென அமைத்த உலைகளில், எரிந்தெழும் வாயு குறைந்தது 850 பாகை வெப்பத்தில் இரண்டு விநாடிகளேனும் நிற்கவேண்டும் என்று விதித்திருக்கின்றார்கள். அதன் பின்னரும் புகையை வடிகட்டியே வெளியே விடுகின்றார்கள். எமது மடத்துப் பின்புறத்தில் இவை எங்கே?

பொலித்தீனைப் பற்றி நியாயமாகவே பேசுவோம். அதிற் கரியும் ஐதரசனுமே உள்ளன. தனியே எரித்தால் அதிலிருந்து டயொக்சின் என்னும் நஞ்சு பிறப்பதற்கு ஏதுவில்லை. ஆனால் குப்பையில் எதுவும் தனியே கிடப்பதில்லை. தண்ணீர்க் குழாய்த் துண்டும் மின்கம்பியின் மேலுறையும் பி.வி.சி. என்னும் பொருளால் ஆனவை. அதன் நிறையிற் பாதிக்கு மேல் குளோரின். அரைகுறையாய் எரியும் தீயில் அந்தக் குளோரின் சேரும்போது டயொக்சின் உண்டாகின்றது. அது புல்லிற் படிகின்றது. புல்லை மாடு மேய, கொழுப்பிலே தங்கிப் பாலோடு வருகின்றது. சாம்பலைக் கிளறும் கோழியின் முட்டையிலும் அது சேர்கின்றது. மனித உடம்பிற் புகுந்தபின் அதன் அளவு பாதியாய்க் குறைவதற்கே ஏழு தொடக்கம் பதினொரு ஆண்டுகள் செல்லும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பழைய கம்பிகளைக் கொளுத்திச் செம்பு எடுத்து இரும்புக் கடையில் விற்கும் பிள்ளைகள் எமது ஒழுங்கைகளிலும் உளர். அச்செம்பே டயொக்சின் உண்டாவதைத் தூண்டும் என்பதை அப்பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? கையில் வருவது ஒரு சிறு தொகை. மூச்சிற் போவதற்கு விலை சொல்ல எம்மால் இயலாது.

நஞ்சில்லாத சருகுப் புகை நல்லது என்றும் எண்ணற்க. புகையிலே மிதக்கும் நுண்துகள்களுள் மிகத் தீயவை இரண்டரை மைக்கிரோனுக்குக் குறைந்தவை. தலைமயிரின் பருமன் இவற்றைப்போல் இருபது மடங்கிற்கும் மேலாகும். மூக்கின் மயிரும் சளியும் இவற்றை மறிக்கமாட்டா. நேரே சுவாசப்பையின் அடிக்குச் செல்கின்றன. ஒரு கனமீற்றர் காற்றில் இத்தகைய துகள் ஆண்டுச் சராசரியாக 10 மைக்கிரோகிராம் வரை இருக்கலாம் என்று 2005 இல் வகுத்த உலக சுகாதார நிறுவனம், 2021 இல் அதனை 5 ஆகக் குறைத்தது. ஆராய ஆராய அளவு சிறுத்துக்கொண்டே போகின்றது.

புகைக்கு வேலி மாத்திரமன்று, கடலும் தடையன்று. 2022 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திற் புயலொன்று வங்கக் கடலில் நின்ற வேளையில், வடக்கேயிருந்து வந்த காற்றோடு மாசு வந்து இந்நாட்டை மூடியது. 9 ஆம் நாள் அரசாங்கப் பாடசாலைகளுக்கு விடுமுறை கொடுக்கவேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்து வானம் அன்று சாம்பல் நிறமாயிருந்ததை மறந்தோமல்லோம். எவரோ எங்கோ மூட்டிய தீக்கு எமது பிள்ளைகள் வீட்டில் அடைபட்டார்கள் என்று அன்று குறைப்பட்டுக்கொண்டோம். நாம் மூட்டிய தீக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை ஆசுபத்திரிக்குப் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

எமது முன்னோர் எரிக்கவில்லையா என்று கேட்பீர்கள். எரித்தார்கள், ஆனால் இக்காலத்து எம்மைப் போல் எரிக்கவில்லை. யாழ்ப்பாணத்து மண் உழைப்பாலும் பசளையாலும் விளையும் மண். ஆறு இல்லை, சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய மண். ஆகையால் ஒரு குழை, ஓர் ஓலை வீண்போக அவர்கள் விடவில்லை. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது கழற்றிய பழைய ஓலை குப்பைக்குப் போகாமல் புகையிலைத் தோட்டத்திற்குப் போயிற்று. அங்கே சாலிட்டுத் தாழ்த்தார்கள். போதாமைக்கு வன்னியிலிருந்து வண்டில்களிற் குழை வந்தது. அத்தகைய ஊரில், முற்றத்தில் விழும் பூவரசம் சருகையும் மாஞ்சருகையும் மூலைக்கொன்றாய்க் குவித்துக் கொளுத்துகின்றோம். மறுநாள் கடைக்குப் போய்ச் சேதனப் பசளை என்று பை பையாய் வாங்கி ஓட்டோவில் ஏற்றுகின்றோம். இதைப் பார்த்து நகைப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சாம்பலும் பசளைதானே என்பாருக்கு ஒரு சொல்: சுண்ணக்கல் நிலம் இயல்பாகவே காரத்தன்மை உடையது; சாம்பல் அக்காரத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. அன்றியும் அச்சாம்பலிற் பூச்சும் மின்கலமும் எரிந்த எச்சம் கலந்திருக்குமாயின், மழை அதனைக் கரைத்து எதற்குள் இறக்கும்? எமது கிணற்றுக்குள் இறக்கும். எமக்கு வேறு தண்ணீர் ஏது?

நெருப்பைப் பற்றிய ஒழுங்கும் அக்காலத்தில் இருந்தது. கிடுகு வேய்ந்த வீடும் ஓலை அடைத்த வேலியுமாய் இருந்த ஊரிலே ஒரு பொறி போதும். வைகாசியிற் சோளகம் எழுந்தபின் வெளியில் நெருப்பு மூட்டாதே. மூட்டவேண்டியிருந்தால் விடியற்காலைப் பனி ஈரத்தில் மூட்டு. பக்கத்திலே தண்ணீர்க்குடம் வை. தணலை மண்போட்டு மூடியன்றி அவ்விடம் விட்டு அகலாதே. எழுதாத இவ்விதிகளை எமது பாட்டிமார் அறிவார்கள். மாட்டுக் கொட்டிலில் நுளம்புக்காக வேப்பிலை புகைத்ததும் உண்டு; அளவோடு செய்த அதனை நாம் குறை கூறவில்லை. இன்று கிடுகு போய் ஓடும், வேலி போய் மதிலும் வந்துவிட்டன. தீப் பரவும் அச்சம் குறைந்ததும் விதியும் மறந்துபோயிற்று. மதில் தீயைத் தடுக்கின்றது, புகையைத் தடுக்கவில்லை.

இத்தகைய விதி எமது ஊருக்கு மாத்திரம் உரியதன்று. மரவீடுகள் நெருங்கிய பழைய ஐரோப்பிய நகரங்களில் இரவானதும் மணியடித்து, அடுப்பு நெருப்பை மூடிவிடும்படி அறிவிப்பார்களாம். 'நெருப்பை மூடு' என்ற அந்தப் பிரெஞ்சுச் சொல்லே ஆங்கிலத்திற் சென்று தேய்ந்து, நாம் எத்தனையோ இரவுகளில் வீட்டினுள் அடைந்து கிடந்து அனுபவித்த 'கேர்பியூ' ஆயிற்று. ஊரடங்கு என்று நாம் தமிழ் செய்துகொண்ட சொல்லின் அடியிலே ஓர் ஊர் நெருப்பு விதி கிடக்கின்றது. துவக்கும் சோதனைச் சாவடியும் பிறகு வந்தவை.

இலண்டன் மாநகரில் 1952 ஆம் ஆண்டு திசெம்பர் 5 ஆம் நாள் தொடக்கம் ஐந்து நாட்கள் காற்று அசையாது நின்றது. நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் கலந்து நகரை மூடின. அதனால் இறந்தோர் நாலாயிரவர் என்று முதலிற் கணித்தனர். பிற்காலத்து ஆய்வுகள் பன்னீராயிரம் வரை கூறுகின்றன. 1956 இல் அங்கே தூய காற்றுச் சட்டம் வந்தது. எமக்கு இதைவிடப் பயனுள்ள உதாரணம் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ். அந்நகரிலே வீட்டுக்கு வீடு பின்வளவிற் குப்பை எரிக்கும் அடுப்பு இருந்தது. அவ்வடுப்புகளை 1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் தொடக்கம் தடை செய்தார்கள். குப்பை எங்கே போவது என்று மக்கள் கேட்டனர். நகரசபை சேர்க்க முன்வந்தது. ஆனால் தகரத்தை வேறாக வைக்கவேண்டும் என்றது. குசினியில் நின்று தரம் பிரிப்பது தொல்லை என்று பெண்கள் முறையிட, அத்தொல்லையை ஒழிப்பேன் என்று சொல்லியே சாம் யோர்ட்டி என்பவர் 1961 இல் நகரபிதா ஆனார்! வாக்காளர் மனம் எங்கும் ஒன்றே. அடுப்பை மூடினால் மாத்திரம் போதாது. மூடிய மறுநாள் வண்டில் வரவேண்டும், வண்டிலுக்கு ஏற்பக் குப்பையைப் பிரித்து வைக்க வீடும் இசையவேண்டும் என்பதை அந்த வரலாற்றிற் படித்தோம்.

இதனால் எமது சபையைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டியிருக்கின்றது. விதியை மக்கள்மேற் சுமத்திவிட்டு உழவு இயந்திரத்தை மூன்று கிழமைக்கு ஒருமுறை அனுப்பினால் எவரும் எரிக்கத்தான் செய்வர். நாம் வீடு வீடாகச் சென்றபோது, கூலி வேலை செய்யும் தாயொருவர், "அரைப் பரப்புக் காணியிலை கிணறும் கக்கூசும் வீடும் போக, கிடங்கு எங்கை தம்பி வெட்டிறது? வண்டில் வாற அண்டைக்கு நான் வேலையிலை" என்று கேட்டார். அவருக்கு வர்த்தமானியைக் காட்டுவது அறமாகாது. பரந்த வளவும் வேலையாளும் உள்ளவர் சருகைக் கொளுத்துவதும் அவர் கொளுத்துவதும் ஒரே குற்றம் என்று சட்டம் சொல்லலாம்; சங்கம் அவ்வாறு சொல்லாது. அவருடைய குப்பையை வண்டில் வரும் நாளில் எடுத்து வைக்கும் பொறுப்பை எமது அங்கத்தவர் இருவர் ஏற்றுக்கொண்டுள்ளனர். வண்டில் வரும் நாளை நிலையாக வரையறுத்து, அதனை ஒழுங்கை முகப்பில் எழுதி வைக்கும்படி சபைக்கு விண்ணப்பம் அனுப்பினோம். இரண்டாம் விண்ணப்பத்துக்குப் பின் வெள்ளிக்கிழமை என்று பதில் வந்தது. இதுவரை பதினொரு வெள்ளிகளில் ஒன்பதில் வந்திருக்கின்றது. குறித்து வைத்திருக்கின்றோம்.

இனி, செயற்குழுவிலே குரல்கள் உயர்ந்த இடத்துக்கு வருகின்றோம். திறந்த வெளித் தீ கூடாதென்று ஊருக்குச் சொல்லும் நாம் கார்த்திகை விளக்கீட்டன்று கோயில் முன்றலிற் சொக்கப்பனை கொளுத்தலாமா என்று இளைய அங்கத்தவர் ஒருவர் கேட்டார். கேள்வி நேர்மையானது. மூத்தவர் ஒருவருக்கோ பெருங் கோபம் வந்துவிட்டது. இன்றைக்குச் சொக்கப்பனை, நாளைக்குக் கற்பூரம், மறுநாள் ஓமமா என்று எழுந்து நின்றார். இரவு பத்தரை மணிவரை முடிவில்லை.

எமது கருத்தைக் கூறுகின்றோம். சட்டம் படித்தோர் திருத்துவாராயின் ஏற்போம். 2017 ஆம் ஆண்டுக் கட்டளை கழிவை எரிப்பதைப் பற்றியது. சொக்கப்பனை கழிவன்று. சோதிப் பிழம்பாய் நின்ற இறைவனை நினைந்து நாட்டிய மரம் அது. ஓலையால் வேய்ந்து, பூசை செய்து, சுவாமி எழுந்தருளியிருக்க ஊர் சூழ நின்று கொளுத்துவது. அதற்கு நாள் உண்டு, நாழிகை உண்டு, இடம் உண்டு, காவல் நிற்போர் உண்டு, எரிந்து முடிவதற்கு ஒரு கணக்கும் உண்டு. முற்றத்தில் அரைகுறையாய்ப் புகைந்து கிடக்கும் குப்பைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. நெருப்பிடம் எதை ஒப்படைக்கலாம், எப்போது, எவர் முன்னிலையில் என்று வரம்பு கட்டியவர்களின் பிள்ளைகள் நாம்.

இவ்வளவுஞ் சொல்லிய வாயால் மற்றதையும் சொல்லவேண்டும். கார்த்திகை மழைக்காலம். ஓலை நனைந்திருக்கும்; தீப் பற்றாது. பற்றாவிட்டால் சனம் சிரிக்கும் என்ற வெட்கத்தினாற் சில ஆண்டுகளாக நாம் என்ன செய்தோம்? ஓலைக்கு உள்ளே பழைய ரயரை ஒளித்து வைத்தோம், கழிவெண்ணெய் ஊற்றினோம், ஓராண்டு ரெஜிபோம் பெட்டிகளையும் திணித்தோம். சொக்கப்பனை பிரமாதமாய் எரிந்தது என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். கரிய புகை கோபுரத்தின் வெள்ளைப் பூச்சிற் படிந்ததை மறுநாள் ஐயர் காட்டினார். முன்வரிசையிற் சிறு பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு நின்றார்கள். ரயரை ஒளித்து வைத்தபொழுதே அது சொக்கப்பனை என்னும் பெயரை இழந்து குப்பை ஆயிற்று என்று அந்த மூத்தவரே ஒத்துக்கொண்டார். கேள்வி கேட்ட இளையவரும் தம் பிரேரணையை மீட்டுக்கொண்டார். கூட்டம் அதன்பின் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழைத்துக் கலந்து பேசிச் சங்கம் சில ஒழுங்குகளைத் தனக்கென்று வகுத்துக்கொண்டது. ஊருக்கு விதிக்க எமக்கு அதிகாரமில்லை. அங்கத்தவர் வீடுகளை மாத்திரமே அவை கட்டுப்படுத்தும். வளவிலே சருகுக்கு ஒரு கிடங்கு. அதில் இலை, தழை, குசினிக் கழிவு, மாட்டெரு ஆகியவற்றை மாறி மாறி இட்டு, இடைக்கிடை மண் தூவி ஈரமாய் வைத்தால் மூன்று நாலு மாதத்திற் கூட்டெரு ஆகிவிடும். பிளாஸ்ரிக்கும் போத்தலும் தகரமும் வெவ்வேறு சாக்கில். நோயுற்ற பயிரையோ முட்செடியையோ எரித்தே ஆகவேண்டிய நிலை வந்தால், அயல் வீட்டாரிடம் முன்னரே சொல்லி, அவர் இசைந்த நேரத்தில், வெயில் ஏறியபின், காற்று மிதமாயிருக்கையில், தண்ணீரோடு நின்று எரித்து அணைப்பது. அந்தியில் ஒருபோதும் இல்லை. மாலைக் குளிர் புகையை நிலத்தோடு அமுக்கிவிடும் என்பதை நாம் பிறர் பிள்ளையின் மூச்சிற் கற்றோம். திருவிழாக் காலத்திற் பொலித்தீன் கொடிக்குப் பதிலாகத் தென்னங் குருத்தோலைத் தோரணம், மாலைக்கு வாழைநார். பூக்கடைக்காரர் நைலோன் நூல்தான் மலிவு என்று இன்னும் முறுக்கிக்கொண்டு நிற்கின்றார். அவரோடு பேச்சு நடக்கின்றது.

இவ்வாண்டுச் சிரமதானத்தில் எமது இளையோர் பிரித்துக் கட்டிய சாக்குகள் நாற்பத்திரண்டு. அவை மடத்துத் திண்ணையில் மூன்று நாட்கள் கிடந்தன. வீதியாற் போனோர், இதென்ன இன்னும் கொளுத்தவில்லையா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை வண்டில் வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. அன்று மாலை மேற்கு வளவின் சன்னல்கள் திறந்தபடியே இருந்தன.

இறுதியாக ஓர் அறிவித்தல். இம்முறை சொக்கப்பனைக்கு ரயரும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆகவே ஓலையை மழைக்கு முன்னரே வெட்டிக் காயவைத்து, மடத்தின் பரணில் ஏற்றிவிட வேண்டும். ஐப்பசி முதற் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஏறத் தெரிந்தவர்கள் கத்தியோடும் மற்றவர்கள் கயிற்றோடும் கோயிலின் வடக்கு வீதிப் பனைகளடிக்கு வந்து சேரும்படி கேட்டுக்கொள்கின்றோம். ஆசிரியர் வீட்டுப் பனைகள் ஆறிலும் வெட்டிக்கொள்ளும்படி அவரே சொல்லி அனுப்பியிருக்கின்றார்.